பாயிரம் இல்லாத உழைப்பு

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பது நம்மிடையே ஒரு பழக்கம். கேள்விபோல் தோன்றினாலும் அது ஒரு தீர்ப்பு. நல்ல பொருள் தன்னைத் தானே விற்றுக்கொள்ளும், தன் சரக்கை எடுத்துச் சொல்வது சரக்கில் குறை உள்ளவன் செய்யும் வேலை என்பதுதான் அதன் உட்பொருள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் பக்கம் மாலை வேளையில் நடந்திருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்று தெரியும். மல்லிகையும் பிச்சியும் மணக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் பூக்காரப் பெண்கள் வாய்மூடி இருப்பதில்லை. முழம் என்ன விலை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டேதான் கட்டுகிறார்கள். மணம் பத்தடி தூரம் போகும். குரல் தெருமுனை வரை போகும். இதை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

பாடம் படித்தவர்களிடம்தான் சிக்கல். தமிழ் இலக்கியம் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமலோ, வேலைக்குப் போக விரும்பாமலோ தாமே தொழில் செய்ய முனைகிற பலரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், வீட்டில் வகுப்பு எடுக்கிறார்கள், சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போடுகிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் பெரும்பாலோர் அதை விட்டிருப்பார்கள். கவிதைத் தொகுப்பின் கட்டுகள் பரணில் இருக்கும். செங்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருவர் மலையாளமும் தமிழும் ஒருங்கே அறிந்தவர். அவர் மொழிபெயர்த்த சிறுகதைகளைப் படித்திருக்கிறேன். அச்சில் வரும் பலவற்றைவிட நல்லவை. எந்தப் பதிப்பகத்துக்கும் அவர் ஒரு கடிதம் எழுதியதில்லை. காரணம் கேட்டபோது, “நாமே போய் நம்மைப் பற்றிச் சொல்றதா ஐயா? வேணும்னா அவங்களே தேடி வருவாங்க” என்றார். யாரும் தேடி வரவில்லை. இன்று அவர் ஒரு துணிக்கடையில் ரசீது போடுகிறார். அந்த வேலையில் இழிவு ஒன்றுமில்லை. இழப்பு மொழிக்கு.

அந்த மாணவியின் பதிலில் இருந்தது சோம்பல் அன்று. அது ஓர் ஒழுக்கம் என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்தது நம்முடைய வகுப்பறைகள்தாம். எனவே தயக்கத்தைப் போக்க வேண்டுமானால், “சந்தைப்படுத்தல்” என்ற சொல்லுக்கு முன்னால், நாம் கற்பித்த இலக்கியத்தையே இன்னொரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

வணிகத்தைப் பற்றிய இளக்காரம் பழைய பாட்டுகளில் இருப்பது உண்மை. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் பொதியில் மலைக்குரிய வள்ளல் ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடும்போது (புறநானூறு 134), இம்மையில் கொடுத்து மறுமையில் பயன் வாங்கும் அறவணிகன் அல்லன் அவன் என்று புகழ்கிறார். வணிகன் அல்லன் என்பதே அங்கே புகழுரை. பெருஞ்சித்திரனாரின் பாட்டு (புறநானூறு 208) இன்னும் கூர்மையானது. தன்னை நேரில் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்தார். விலைக்கு விற்றுப் பொருள் பெற்றுப் போகும் பரிசிலன் அல்லன் தான் என்றார். நம் வகுப்புகளில் இந்தப் பாட்டைப் புலவரின் பெருமிதத்துக்குச் சான்றாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

ஆனால் அவர் எதை மறுத்தார்? பரிசிலை மறுக்கவில்லை. பரிசில் கேட்டுத்தான் குன்றும் மலையும் கடந்து வந்திருந்தார். தினையளவே ஆனாலும் தன் தகுதியை அளந்தறிந்து கொடுப்பதே இனிது என்பது அவர் வாதம். தன்னைப் பாராமல், தன் வேலை இன்னதென்று அறியாமல் வந்த பொருளை அவர் வேண்டாம் என்றார். தான் காணப்பட வேண்டும் என்று கோரினார். இந்தப் பாட்டைத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான சான்றாகக் கொள்வது தலைகீழ் வாசிப்பு. தேடிப் போனவர் பாடிய பாட்டு அது. வீட்டில் காத்திருந்தவர் பாடியது அன்று.

அகநானூற்றில் அம்மூவனாரின் பாட்டு ஒன்று (140) உண்டு. உமணப் பெண் ஒருத்தி கைவளை ஒலிக்க வீதியில் நடந்து, நெல்லுக்கு நிகராக உப்பு என்று மாற்றுவிலை கூறிப் போகிறாள். அந்தக் குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மருள்கின்றன. விற்கப் போகிறவர்களின் அச்சத்தை இத்தனை சுருக்கமாக வேறெங்கும் நான் கண்டதில்லை. நாய் குரைக்கும், அது உறுதி. அறியாத வாசலில் குரல் கொடுப்பவருக்குக் கிடைக்கும் முதல் மறுமொழி பெரும்பாலும் குரைப்புதான். அவள் அஞ்சுகிறாள். ஆனால் உப்புக் கூடையோடு திரும்பிப் போய்விட்டதாகப் பாட்டில் இல்லை. அந்தக் குரைப்பினூடேதான் தலைவன் அவளைப் பார்க்கிறான்.

பழந்தமிழில் “பகர்தல்” என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள், விற்றல் என்றும் பொருள். பகர்நர் என்றால் விற்போர். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும், பண்டங்களைப் பகர்ந்து கொடுத்தவர்கள். விற்பதும் சொல்வதும் ஒரே வினையாக இருந்த மொழியில் பிறந்தவர்கள் நாம். விற்க வேண்டும் ஆனால் சொல்லக் கூடாது என்ற விசித்திரமான நோன்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

நம் மண்ணிலேயே விளைந்த சான்று திருக்குற்றாலக் குறவஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட வசந்தவல்லியின் கதை என்று பாடத்திட்டம் சொல்லும். குறத்தி சிங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால், கூலி தருவார் யாருமின்றித் தானே தொழில் செய்யும் ஒரு பெண்ணின் கதையும் அதுதான். குறி சொல்ல வந்தவள் எடுத்த எடுப்பில் கையைப் பிடித்துப் பார்த்துவிடுவதில்லை. முதலில் தன் மலையைச் சொல்கிறாள். நாட்டைச் சொல்கிறாள். பிறகு தன் குறியின் சிறப்பை, தான் சென்று வந்த நாடுகளை, அங்கே பெற்ற வரிசைகளைச் சொல்கிறாள். கேட்பவளுக்கு நம்பிக்கை பிறந்த பிறகே குறி. அதற்கும் முன்னால் உணவும் வெற்றிலையும் வேண்டும் என்று கூச்சமின்றிக் கேட்டு வாங்குகிறாள்.

பின்னால் சிங்கன் அவளைக் கண்டுபிடித்து, அவள் உடம்பில் கிடக்கும் நகைகளைப் பார்த்து மருண்டு ஒவ்வொன்றாய்க் கேட்க, சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்று தொடங்கி அவள் கணக்குச் சொல்லும் பகுதியை எல்லோரும் நகைச்சுவையாகவே படிக்கிறோம். அது நகைச்சுவைதான். கூடவே, எந்த ஊரில் எந்த வேலைக்கு என்ன கிடைத்தது என்பதை உடம்பிலேயே எழுதிவைத்திருக்கும் தொழில்காரியின் கணக்கேடும் ஆகும். கவிராயருக்கும் அவர் தொழில் பலித்தது. மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் வழங்கியதாகவும், அந்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றதாகவும் சொல்வார்கள்.

தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது இலக்கண விதி அல்லவா என்று கேட்கலாம். விதிதான். எவ்வளவு அரிய நூலைச் செய்து முடித்தவனும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்கிறது நன்னூல். ஆனால் அடுத்த சூத்திரத்தைப் பலர் மறந்துவிடுகிறோம். நான்கு இடங்களில் புலவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று பவணந்தி முனிவர் வாயில் திறந்துவைத்திருக்கிறார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதம் வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்தபோது. இரண்டாவதைக் கவனியுங்கள். தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் என்பது, தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும் நிற்கும் இடம். மற்ற நேரங்களில் அடக்கம் அணி. அங்கே அடக்கம் கேட்பவரை இருட்டில் நிறுத்துவது.

பவணந்தியார் இதோடு விடவில்லை. சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எட்டு உறுப்புகளை வகுத்தார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்றார். அதை யார் பாடலாம் என்பதற்கும் விதி உண்டு. தன் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். இன்றைய வணிகக் கல்லூரிகள் பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும். யாருக்காக என்பது “கேட்போர்”. அவருக்கு என்ன கிடைக்கும் என்பது “பயன்”. உன்னை அறிந்தவர் வாயால் உன் வேலையைச் சொல்லவை என்பது பாயிரம் பாடுவோர் பற்றிய விதி. தேர்வில் இந்த எட்டையும் வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர், வெளியே வந்து தன் உழைப்புக்கு ஒரு பாயிரம் எழுதத் தெரியாமல் நிற்கிறார்.

வரலாற்றுக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அச்சுக்குப் பணம் வேண்டியிருந்தது. நூல் வெளிவருமுன்பே கனவான்களைக் கண்டு கையொப்பம் வாங்கினார். முன்பதிவு என்று இன்று சொல்வது அதைத்தான். அவர் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வரகுணபாண்டியனின் ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு அவர் போனபோது, பழுதாகிக் கிடந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் பட்ட வேதனையை “என் சரித்திரம்” படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்ததென்று எவருக்கும் தெரியாது. தரமற்றவை என்பதால் அவை எரியவில்லை. கேட்பார் இல்லாததால் எரிந்தன.

பாரதி கதை வேறு விதம். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து 1920 வரை இருந்தார். இன்று அது தென்காசி மாவட்டம். 1920இல் தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக 4,00,000 படிகள் அச்சிட ஒரு திட்டம் வகுத்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் சாதாரணமாக விலைபோகும் என்பது அவர் கணிப்பு. அச்சிட வேண்டிய பணத்தைத் தானமாகக் கேட்கவில்லை. மாதம் 2 சதவீத வட்டிக்குக் கடனாகக் கேட்டார். எதிர்பார்த்த முதல் திரளவில்லை. 1921இல் அவர் மறைந்தார்.

இதைப் பாரதியின் கனவுலகத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, தமிழின் மிகப் பெரிய நவீன கவிஞருக்குத் தம் கவிதையை மண்ணெண்ணெயோடு ஒப்பிடுவதில் எந்தக் கூச்சமும் இல்லை. கவிதை ஒவ்வொரு வீட்டிலும் விளக்கேற்றும் பொருளாக வேண்டும் என்று நினைத்தவருக்கு அது தாழ்ந்த உவமை அன்று. மற்றது, கூச்சம் நீங்கினால் மட்டும் போதாது. மண்ணெண்ணெய் கிராமத்துக்குத் தானாக வந்துவிடவில்லை. முகவர், வண்டி, சில்லறைக் கடை, கடன் கணக்கு என்று ஒரு பாதை போட்ட பிறகு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர் என்ற அளவே இருந்த காலத்தில் புத்தகத்துக்கு அந்தப் பாதை இல்லை. சொல்வது பாதி வேலை. பொருள் போய்ச் சேரும் வழியை அறிவது மறுபாதி. அதைத்தான் கற்க வேண்டும், அது கற்கக் கூடியதும்கூட.

பாதை சிறியதாகவும் இருக்கலாம் என்பதற்கு ரசிகமணி டி.கே.சி. இருக்கிறார். வழக்கறிஞர், பிற்காலத்தில் குற்றாலவாசி. 1954இல் மறையும் வரை அவர் செய்தது ஒரே வேலை: வந்தவரை உட்காரவைத்துக் கம்பன் பாட்டு ஒன்றைச் சொல்லி, நிறுத்தி, திரும்பச் சொல்லி, சுவைக்கவைப்பது. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்கள் சிலர்தான். ஆனால் கேட்டவர்கள் வெளியே போய்ப் பேசினார்கள். கல்கியும் ராஜாஜியும் அந்தச் சுவையையும் குற்றாலத்தையும் சேர்த்தே நாட்டுக்குச் சொன்னார்கள். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்துக்கு ரசிகமணி பெருந்துணையாக நின்றார். அவருடைய கம்பர் பதிப்பைப் பற்றி, பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கிய முறையைப் பற்றி, எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விஷயம். ஒரு பொருளின் அருமையை முன்னறியாதவருக்கு எப்படிக் காட்டுவது என்பதில் அவரைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

அதே முறையைச் சாரல் காலத்தில் குற்றாலத்துப் பழக்கடைகளிலும் காணலாம். மங்குஸ்தானை அறியாத வெளியூர்க்காரரிடம் கடைக்காரர் ஒரு பழத்தைப் பிளந்து வெள்ளைச் சுளையைக் காட்டிவிடுவார். பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்பது தெரியும். இதைக் கற்றுக்கொண்ட குழந்தை அடுத்த பழத்தை எண்ணாமல் விடாது. இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. வாங்குபவரின் அறிவு சற்றுக் கூடியிருக்கிறது, கடைக்காரருக்கு விற்பனை ஆகியிருக்கிறது. நல்ல சந்தைப்படுத்தல் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தின் மீதான வெறுப்பு முழுவதும் மூடநம்பிக்கை அன்று. பொய்ப் பாராட்டுகளைக் காசு கொடுத்து வாங்குவதும், இல்லாத வாசகரைக் கணக்குக் காட்டுவதும், வாராவாரம் தன்னைத் தானே மேதை என்று அறிவித்துக்கொள்வதும் நம் கண்முன்னே நடக்கின்றன. அவற்றைக் கண்டு கூசுகிற மனம் நல்ல மனம். ஆனால் பொய் சொல்கிறவர் மிகுந்த சந்தையில், உண்மையைச் சொல்லக்கூடியவர் வாய்மூடிக்கொண்டால் யாருக்கு நன்மை? நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒதுங்கியதால் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. அரைகுறை மொழிபெயர்ப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வள்ளலார் கடை விரித்தும் கொள்வார் இல்லை என்று சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. தோற்றவர்கள் அதை ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர் முதலில் கடை விரித்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஊர் ஒதுக்குப்புறம் என்ற சாக்கும் இப்போது செல்லாது. மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த ஸோஹோ நிறுவனத்தின் மென்பொருளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அந்த அளவு வேண்டியதில்லை. 1,000 படி அச்சிட்டால்தான் புத்தகம் என்றிருந்த நிலை மாறி, 100 படிகூட அச்சிட்டுக்கொள்ள இன்று முடிகிறது. 100 பேரைக் கண்டுபிடிப்பதும், அவர்களைப் பெயர் சொல்லி அறிவதும், என்ன வேண்டும் என்று கேட்பதும் ஒரு தனிமனிதர் செய்யக்கூடிய வேலை.

எனவே தாமே தொழில் செய்யும் தமிழ் மாணவர்களுக்கு என் யோசனை எளியது. புதிதாக எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம். ஒரு தாளில் பாயிரத்தின் எட்டு உறுப்புகளையும் எழுதுங்கள். நான் யார், யாரிடம் கற்றேன், எந்த எல்லைக்குள் என் வேலை பயன்படும், அதற்கு என்ன பெயர், எந்த வடிவில் தருவேன், என்ன செய்து தருவேன், யாருக்காக, அவருக்கு என்ன பயன். செங்கோட்டை மாணவி எழுதியிருந்தால் “எல்லை” என்ற இடத்திலேயே அவருக்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். 1956 நவம்பர் 1 வரை அவர் ஊர் மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியில் இருந்தது. மலைக்கு இரண்டு பக்கமும் உறவும் வணிகமும் உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. இரு மொழியும் தெரிந்தவரைத் தேடும் பதிப்பகங்கள் மட்டுமல்ல, வழக்கறிஞர்களும் வணிகர்களும் இருப்பார்கள். அந்தத் தாளின் அடியில் ஒன்பதாவதாக, பவணந்தியார் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலை. விலையைச் சொல்லக் கூசுபவர் இலவசமாகச் செய்து பழகி, பிறகு கசந்து, தொழிலையே விட்டுவிடுகிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல் பத்துப் பேரிடம் போங்கள். நாய் குரைக்கும். குரைக்கட்டும்.

ஆயிரம் முகமாக விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலாகாது என்பது நம் மரபு. அந்த விதி நூலுக்கு மட்டும் உரியதன்று. யாருக்கு, எதற்கு என்று சொல்லப்படாத உழைப்பும் முடிந்த வேலை ஆகாது. எழுதி முடித்த கையாலேயே அதையும் எழுதிவிட வேண்டும்.